செய்தி சுமப்போர்

நிலச்சரிவு, வெள்ளம், புயல், விபத்து என்னும் சொற்களை நாளேட்டின் முதற் பக்கத்தில் காணும்போது நாம் ஒரு கணம் 'ஐயோ' என்கிறோம். மறுகணம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதில் குற்றமில்லை. உலகத்துத் துயரம் அனைத்தையும் ஒருவர் நாள்தோறும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டால் அவரால் உண்ணவும் முடியாது; உறங்கவும் முடியாது. ஆனால் அச்செய்தியை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒருவர் உண்டு அன்றோ? அவரால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக முடியாது. பக்கத்தை எழுத வேண்டியவரே அவர்தாம். சேற்றோரத்தில் நின்று உடல்களை எண்ணியவர் அவர். 'இது என் மகன் சட்டை' என்று ஒரு தாய் அடையாளம் காட்டியபோது இரண்டடி தள்ளி நின்றவர் அவர். மாலை ஆறு மணிக்குள் அதனைத் தொண்ணூறு சொல்லில் அடக்கி அனுப்பியவரும் அவரே. அவர் நெஞ்சு பின்பு என்ன ஆகிறது?

உயிர் வேதியியல் பயிலும் இவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நம் மன்றத்து நண்பர்கள் கேட்கலாம். நெஞ்சு என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி நரம்பிலும் குருதியிலும் நடக்கும் வேலை. அது எங்கள் பாடத்தைச் சேர்ந்தது. மேலும், நம் மன்றத்தில் தமிழ் பயிலும் நண்பர்களுள் சிலர் நாளை நாளேட்டிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அமரப்போகிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேரள மண்ணில் பிழைக்க வந்த தமிழராகிய நமக்கு மறக்கக்கூடாத ஓர் இரவு உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு. மூணாறுக்கு அப்பால், இராஜமலையையும் கடந்து, பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு. தொழிலாளர் வாழும் லயங்கள் சில வரிசைகள். நாள் கணக்காய் மழை. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் செயலிழந்து கிடந்தது. பதினோரு மணியை நெருங்கும் வேளையில் மலை இறங்கி வந்தது. எழுபது உயிர்கள் போயின. நால்வர் உடல் இறுதிவரை கிடைக்கவே இல்லை. மாண்டவர்கள் தமிழர்கள், அவர்களுள் பலர்க்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கம். தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து கிள்ளியவர்கள்.

இவ்வளவு பெரிய கேடு நிகழ்ந்த செய்தி வெளியுலகுக்கு எட்டியது எப்போது? மறுநாள் காலையில்! கோபுரம் இல்லாத இடத்தில் கூக்குரல் மலையைத் தாண்டாது. இருளிலும் மழையிலும் ஆள் நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டதால் மீட்புப் படையும் நிருபரும் சுற்றியும் நடந்தும்தான் போக முடிந்தது. பெருந்தொற்றுக் காலம் வேறு. மாண்டவரின் உறவினர் தமிழ்நாட்டிலிருந்து எல்லை கடந்து வருவதற்கே சீட்டு வாங்கவேண்டிய நாள்கள் அவை.

போய்ச் சேர்ந்த நிருபர்கள் எழுதத் தொடங்கிய அதே நாள் மாலை, ஆகஸ்டு 7-இல், கோழிக்கோட்டுக் கரிப்பூர் நிலையத்தில் துபாயிலிருந்து 190 பேரோடு வந்து இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தனர். நாட்டின் கண் முழுவதும் அப்பக்கம் திரும்பியது. முதலமைச்சர் மறுநாளே கரிப்பூர் சென்றார். பெட்டிமுடிக்கு அவர் சென்றது 13-ஆம் நாள். மாண்டவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்த உதவி அங்கே பத்து இலட்சம், இங்கே ஐந்து இலட்சம். இரு துயரங்களையும் ஒரே தராசில் ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி அப்போதே எழுந்தது, இன்னும் அடங்கவில்லை.

செய்தியாளரை மட்டும் பழித்து என்ன பயன்? கரிப்பூருக்குச் சாலை உண்டு, விளக்கு உண்டு, நகரத்து நிருபர் அரைமணியில் சேரலாம். பெட்டிமுடிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. செய்திக்கும் சாலை வேண்டும், நண்பர்களே! ஆயினும் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகவும் என் மனம் ஒப்பவில்லை. விமானத்தில் வருபவன் நம்மைப் போன்றவன் என்று செய்தி படிக்கும் நகரத்தான் எண்ணுகிறான். லயத்தில் உறங்குபவனை அப்படி எண்ணுவதில்லை.

இங்கே நம் பொருளுக்கு வேண்டிய ஒன்று உண்டு. மலைமேல் மழையில் நின்று தான் கண்டதை எழுதி அனுப்பிய நிருபர், மறுநாள் அந்தப் பக்கம் வேறொரு விபத்துக்குப் போய்விட்டதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர்க்கு உண்டாகும் வருத்தம் அச்சத்தால் வருவதன்று. 'நான் இவர்களுக்காகப் போதிய அளவு செய்யவில்லை' என்னும் குற்றவுணர்ச்சி. உளநூலார் இதனை அச்ச நோயிலிருந்து பிரித்து 'அறக்காயம்' என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். ஐரோப்பாவுக்குக் கடல் கடந்து வந்த அகதிகளைப் பற்றி எழுதிய செய்தியாளரை 2017-இல் ஆராய்ந்தபோது, அவர்களைப் பெரிதும் வாட்டியது இந்தக் காயமே என்று கண்டார்கள். எழுதுவதா, நீட்டிய கையைப் பிடித்துத் தூக்குவதா என்று கரையில் நின்று தவித்தவர்கள் அவர்கள்.

பெட்டிமுடிச் செய்திகளுள் பலர் நினைவில் இன்றும் நிற்பது ஒரு நாயின் கதை. 'குவி' என்று பெயர். தன்னோடு விளையாடிய சின்னஞ்சிறு பெண் குழந்தையைத் தேடி நாள்தோறும் அலைந்து, எட்டாம் நாள் ஆற்றோரத்தில் அக்குழந்தையின் உடல் இருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது. இக்கதை எல்லா ஏடுகளிலும் வந்தது. எழுபது பேரைப் பற்றி எழுத இடமில்லாதவர்கள் ஒரு நாயைப் பற்றி எழுதினார்களே என்று சிலர் கடிந்தனர். நான் அப்படிக் கடியமாட்டேன். எழுபது என்பது எண்; நெஞ்சு எண்ணைக் கண்டு அழாது. அந்த நாயின் வழியாகத்தான் படித்தவர்கள் அழுதார்கள். எழுதியவரும் அதன் வழியாகவே அழுதிருப்பார் என்பது என் எண்ணம். தாங்க முடியாத ஒன்றைத் தொடுவதற்கு மனிதன் ஒரு கைப்பிடி தேடுகிறான்.

இனி உடலுக்குள் நடப்பதைச் சிறிது காண்போம். அஞ்சத் தக்கதைக் கண்ட அளவில் மூளையின் அடிப்புறத்தில் அமிக்டலா என்னும் சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. வடிவத்தில் வாதுமைக்கொட்டை போன்றது. அதன் கட்டளையால் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. சிறிது நேரம் கழித்துக் கார்ட்டிசால் கலக்கிறது. இதயம் விரைகிறது, பசி மறைகிறது, உறக்கம் அகல்கிறது. பேரிடர்க் களத்தில் நிருபர் இரண்டு நாள் உறங்காமல் வேலை செய்வது இதன் துணையால்தான். அப்போது அவர் தம்மை வீரர் என்றே எண்ணிக்கொள்வார். பட்ட கடன் போன்றது அது. பின்பு வட்டியோடு கேட்கும்.

இதே நேரத்தில் மூளையில் பெருகும் நார் அட்ரினலின், கண்ட காட்சியை நினைவில் ஆழப் பதிக்கிறது. சாதாரண நினைவைக் காலம், இடம், முன் பின் என்று ஒழுங்காக அடுக்கி வைப்பது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் வேலை. கடும் அதிர்ச்சியில் அவ்வடுக்கு சிதைகிறது என்பது பல ஆராய்ச்சியாளர் கருத்து. காட்சி, ஓசை, நாற்றம் தனித்தனித் துண்டுகளாய் நிற்கின்றன. எனவேதான் ஓராண்டு கழித்து எங்கோ ஈரமண் வாடை வீசினாலும் அவர்க்கு அது 'முன்பு நடந்தது' என்று தோன்றுவதில்லை. 'இப்போது நடக்கிறது' என்று தோன்றுகிறது. கெட்ட கனவு, திடுக்கிடல், எதிலும் பற்றின்மை, வீட்டாரிடம் காரணமில்லாச் சினம் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவர் அதனை நோய் என்பர். போர்வீரரிடம் நெடுங்காலமாகக் கண்ட இந்நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நூலில் தனிப்பெயர் கிடைத்ததே 1980-இல்தான்.

செய்தியாளர்க்கும் இது வருமா? கனடா நாட்டு மனநல மருத்துவர் அந்தோணி ஃபைன்ஸ்டைன் போர்க்களச் செய்தியாளர் 140 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையில் முன்னோடி. அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் இந்நோய்க்கு ஆளானவர்கள். இதை மறுபுறம் திருப்பியும் படிக்கவேண்டும். எழுபது பேர்க்கு மேல் அந்நோய்க்கு ஆளாகவில்லை. பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். 'துயரத்தைக் கண்டவன் எல்லாம் உடைந்துபோவான்' என்று அச்சுறுத்துவதும் அறிவியல் ஆகாது.

களத்துக்குப் போகிறவர்க்குத்தானே இந்தத் தொல்லை, அலுவலகத்தில் இருப்பவர்க்கு என்ன என்று கேட்கலாம். நம் ஊரிலேயே அதற்கு விடை உண்டு. திருவனந்தபுரத்தில் தொலைக்காட்சி அலுவலகங்கள் பல இருப்பதை அறிவீர்கள். அவற்றுள் ஒன்றில் படத்தொகுப்பாளராக இருக்கும் நாகர்கோவில் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். 2024 ஜூலை 30-ஆம் நாள் விடியுமுன் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தபோது அவர் வயநாட்டுக்குப் போகவில்லை. குளிரூட்டிய அறையில்தான் இருந்தார். அங்கிருந்து வரும் படங்களைப் பார்த்து, காட்டத் தகாதவற்றை நீக்குவது அவர் வேலை. நாம் பார்க்கக் கூடாதது எதுவோ, அதை மட்டும் அவர் மீண்டும் மீண்டும் பார்த்தார்! "தம்பி, போனவனுக்காவது ரெண்டு பேருக்குக் கை குடுத்தோம்ங்கிற ஆறுதல் இருக்கும். எனக்கு என்ன இருக்கு? பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான்" என்றார். மூன்று வாரம் வீட்டில் மீன் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவர் மேலாளரிடம் ஒருநாள் விடுப்புக் கேட்டபோது, "நீங்கள் இங்கேதானே இருந்தீர்கள்?" என்பது விடையாக வந்ததாம்.

அந்த மேலாளர் அறியாதது ஒன்று உண்டு. மேற்சொன்ன அமெரிக்க நூலின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தபோது, கொடுங்காட்சிகளைப் படத்தின் வாயிலாகக் காண்பதும், அது தொழிலின் பொருட்டாக இருந்தால், இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று சேர்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஃபைன்ஸ்டைன் அலுவலகத்திலிருந்தே படங்களைப் பார்த்துத் தெரிவு செய்யும் செய்தியாளர் 116 பேரை ஆராய்ந்தார். ஒரே இருப்பில் நெடுநேரம் பார்ப்பதைக் காட்டிலும், அடிக்கடி பார்ப்பதே மிகுந்த துன்பம் தருவதாகக் கண்டார். அண்ணாச்சிக்கு நான் இதைச் சொன்னபோது, "அப்போ நான் பைத்தியம் இல்லை, என்ன?" என்று சிரித்தார்.

சும்மா பார்க்கும் நாமும் தப்பவில்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் நகரத்து நெடுந்தொலை ஓட்டப் பந்தயத்தில் குண்டு வெடித்தது. அதன்பின் நடத்திய ஆராய்ச்சி ஒன்றில், அடுத்த வாரம் முழுதும் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அச்செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைக் காட்டிலும் மிகுதியான மன அழுத்தம் காட்டினார்கள். விடுதி அறையில் நள்ளிரவு வரை கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க.

சரி, இதைத் தொழிலாளர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பழைய முறை, கல்நெஞ்சு பழகுவது. 'செய்தியாளன் அழக்கூடாது' என்பது எழுதாத விதி. 1937 மே 6-இல் அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் என்னும் ஆகாயக் கப்பல் தீப்பற்றி விழுந்தபோது அதனை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த வானொலி அறிவிப்பாளர் ஹெர்பர்ட் மாரிசன் குரல் உடைந்து அழுதுவிட்டார். 36 பேர் இறந்த விபத்து அது. நம் நாட்டில் 1948 ஜனவரி 31-இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை அகில இந்திய வானொலிக்காக ஊர்தியிலிருந்து ஏழு மணி நேரம் வருணித்தவர் மெல்வில் டி மெல்லோ. அவர் துயரத்தை அடக்கித் தெளிவாகப் பேசினார். ஒருவர் அழுதார், ஒருவர் அடக்கினார். உலகம் இருவரையும் போற்றி நினைவில் வைத்திருக்கிறது. எனவே அழுகை தொழிலுக்கு இழுக்கு என்று சொல்வதில் பொருளில்லை. ஒன்று மட்டும் வேறுபாடு. டி மெல்லோவுக்கு ஏழு மணி நேரம் முடிந்தபின் ஊர்தியை விட்டு இறங்க வாய்ப்பிருந்தது. இன்றைய இருபத்து நான்கு மணிநேரச் செய்தியில் நிருபர் இறங்குவதே இல்லை.

அடக்குவதற்கும் விலை உண்டு. ஜேம்ஸ் கிராஸ் என்னும் உளநூலார் 1993-இல் மாணவர் சிலர்க்கு அருவருக்கத்தக்க மருத்துவப் படங்களைக் காட்டினார். சிலரிடம் மட்டும் 'முகத்தில் எதையும் காட்டாதீர்கள்' என்றார். அவர்கள் முகம் அமைதியாகவே இருந்தது. ஆனால் தோலின் வியர்வையையும் இரத்தக் குழாய்களின் சுருக்கத்தையும் அளந்து பார்த்தால், அடக்காதவரைவிட அடக்கியவர் உடலே மிகுதியாகப் போராடியது. உணர்ச்சியும் குறையவில்லை. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னதைக் கருவி வைத்து அளந்துவிட்டார்கள்.

இன்னொரு பழைய மருந்து குடி. அதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. குடித்து உறங்கும் உறக்கம் உறக்கமே அன்று என்பதோடு நிறுத்துகிறேன்.

பயன் தரும் வழிகளுள் பலவும் மிக எளியவை. கேட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். களத்தில் ஒருவரையே பல நாள் நிறுத்தாமல் மாற்றி அனுப்புதல். படம் தொகுக்கும்போது ஓசையை அணைத்துவிடுதல். அண்ணாச்சி கண்டுபிடித்தது இது. பிற நாடுகளில் பயிற்சியாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். தாய் அலறும் ஓசை காட்சியைவிட ஆழப் பாய்கிறது என்பார் அவர். படத்தைத் திரையில் சிறிதாக்கிப் பார்த்தல், கொடும்படம் இருக்கும் கோப்பின்மேல் முன்கூட்டியே குறிப்பு எழுதி வைத்தல், வேளைக்கு உண்ணுதல், உறங்குதல், உடன் வேலை செய்பவரோடு பேசுதல். அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய டார்ட் மையம் செய்தியாளர்க்கு இவற்றைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே ஏற்பட்டது.

ஒரு வியப்பு: களத்திலிருந்து திரும்பியவரை உடனே உட்காரவைத்து 'எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்' என்று ஒரே அமர்வில் கொட்டச் செய்வது நல்லது என்று நெடுநாள் நம்பினார்கள். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. பேச விரும்பும்போது கேட்க ஆள் இருப்பது வேறு. பேசு என்று கட்டாயப்படுத்துவது வேறு. இன்னொரு வியப்பு: 2009-இல் எமிலி ஹோம்ஸ் என்பார், கொடிய விபத்துப் படம் பார்த்தவர்களுள் சிலரை அரைமணி கழித்து 'டெட்ரிஸ்' என்னும் கட்டை அடுக்கும் கணிப்பொறி விளையாட்டை ஆடச் செய்தார். ஆடியவர்க்கு அந்த வாரத்தில் படக்காட்சிகள் மனத்தில் திடீரென்று தோன்றுவது குறைந்தது. நினைவு இறுகுமுன் மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் பதிவு மங்குகிறது என்பது விளக்கம். ஆய்வுக்கூடத்து முடிவு இது. இதை நம்பி எவரும் மருத்துவரை விட்டுவிட வேண்டாம்.

தொகுப்பறையில் சம்பளம் வாங்குபவர்க்காவது விடுப்புக் கேட்க ஒரு மேலாளர் உண்டு. சிற்றூர்களில் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர்க்கு யார் உண்டு? அனுப்பும் செய்திக்குத்தான் அவர்க்குக் கூலி. வேறு பிழைப்பும் வைத்திருப்பார். பேரிடர் என்றால் முதலில் போய் நிற்பவர் அவரே. நகரத்து நிருபர் வந்து இறங்கியதும் வழிகாட்டியாக மாறிவிடுபவரும் அவரே. 2018 ஜூலையில் கோட்டயம் மாவட்டம் முண்டாறில் வெள்ளத்தைப் படம்பிடித்துத் திரும்பிய தொலைக்காட்சிக் குழுவின் படகு கவிழ்ந்து இருவர் இறந்தனர். ஒருவர் உள்ளூர்ப் பகுதிநேர நிருபர். மற்றவர் ஊர்தி ஓட்டுநர். ஆகஸ்டுப் பெருவெள்ளம் வருவதற்கு முன்னரே இது நிகழ்ந்துவிட்டது.

கேடு தம் வீட்டுக்குள்ளேயே நிகழும்போது எழுதுவோரை என்ன சொல்வது? யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழின் அலுவலகத்தில் 2006 மே 2-ஆம் நாள் ஆயுதம் தாங்கியோர் புகுந்து சுட்டு, ஊழியர் இருவரைக் கொன்றனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அதன் விழா அவ்வாண்டு கொழும்பில்! அவ்விதழ் நின்றுபோகவில்லை. நிருபர் துயரத்தை 'வெளியே இருந்து' காண்பவர் என்று மேல்நாட்டு நூல்கள் எழுதுவது அங்கே பொருந்தாது.

துயரப்பட்டவர் பக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஒருதலைப் பட்சமாகும். ஒலிவாங்கியை நீட்டி, "இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்களே, அக்கேள்வியைப் போலக் கொடியது வேறில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மனநிலையைக் கேட்டுத்தான் அறியவேண்டுமா? நல்ல நிருபர்கள், "உங்கள் மகன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்கிறார்கள் என்பர். கேள்வி சிறிது மாறியதும், அழுகையின் நடுவே அந்த மகன் சிறிது நேரம் உயிரோடு வந்து போகிறான். 2004 ஆழிப்பேரலையின்போது கடலூரில் ஆர்க்கோ தத்தா எடுத்த புகைப்படம் உலகப் பரிசு பெற்றது. மணலில் கவிழ்ந்து கிடந்து கைகளை விரித்து அழும் ஒரு பெண். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரியும். முகத்தைக் காட்டாமலேயே அவர் எல்லாவற்றையும் காட்டிவிட்டார்.

இதற்கு எதிர்மாறானது 2019 அக்டோபர் 25 மாலை தொடங்கியது. மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29-ஆம் நாள் விடியற்காலை உயிரற்ற உடலாய் எடுக்கும் வரை தமிழ்த் தொலைக்காட்சிகள் அக்குழியைவிட்டுக் கண் எடுக்கவில்லை. தமிழகமே வேண்டிக்கொண்டது உண்மை. ஆனால் அந்த நாள்களில் தூத்துக்குடியில் பெற்றோர் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர்கள் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது என்பதும் செய்தியாக வந்தது. சொல்ல ஏதுமில்லாத மணிநேரங்களிலும் பேசிக்கொண்டே இருக்கும்படி நிருபரை நிறுத்திவைத்தவர்கள் அதனைப் படித்திருப்பார்கள். 'புதிதாக ஒன்றும் இல்லை, கிடைத்ததும் வருகிறோம்' என்று சொல்லிவிட்டுத் திரையை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுப்பது நிருபர்க்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு. போட்டி அதற்கு இடம் தருவதில்லை.

அறிவியல் மாணவன் என்ற முறையில் எங்களவரைப் பற்றியும் ஒரு சொல். நெருக்கடியில் மக்களிடம் பேசுவோர் நிருபர் மட்டுமல்லர். வானிலை அறிஞரும் நிலவியலாரும்கூட. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் நம் பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளையும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையையும் சூறையாடியது. புயல் என்னும் சொல்லோடு எச்சரிக்கை வந்தபோது வள்ளங்கள் ஆழ்கடலில் இருந்தன. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில், வள்ளத்தில் இருப்பவனுக்கு எட்டும் மொழியில் சொல்வது எத்துணைக் கடினம் என்பதை அன்று கண்டோம். வயநாட்டுச் சரிவுக்குப் பின், 2024 ஆகஸ்டு 1-இல், அறிவியல் நிறுவனத்தார் மேப்பாடிக்குப் போகவோ பத்திரிகைக்குக் கருத்துச் சொல்லவோ கூடாது என்று மாநில அரசிலிருந்து ஓர் ஆணை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் முதலமைச்சர் சொல்ல, அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது நன்று. அறிந்தவன் வாய் மூடினால் அறியாதவன் வாய் திறப்பான். அந்த நேரத்தில் நிருபர் யாரிடம் போய்க் கேட்பார்?

வயநாட்டில் அடித்துச் செல்லப்பட்ட உடல்கள் சாலியாற்றின் வழியே மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர்ப் பக்கம் வரை போயின. அடையாளம் காணமுடியாதவற்றைப் புத்துமலையில் புதைத்து, குழிமேட்டில் பெயருக்குப் பதிலாக எண் எழுதி வைத்தார்கள். பின்பு மரபணுச் சோதனை எண்ணுக்குப் பெயர் தந்தது. எங்கள் துறைக்காரர் செய்த வேலை அது. ஆய்வுக்கூடத்தில் குழாயைக் கையில் பிடித்திருந்தவர்கள் அந்த இரவுகளில் எப்படி உறங்கினார்கள் என்று எவரும் கேட்டு எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தக்க செய்திதான்.

ஆண்டு நிறைவு என்று ஒன்றும் இருக்கிறது. பெட்டிமுடியில் மாண்டவர்களை அடக்கம் செய்த இராஜமலைக்கு ஆகஸ்டு 6-இல் உறவினர் வருகிறார்கள், பூ வைக்கிறார்கள். அன்று செய்தி எழுத, அவ்விடம் தெரிந்தவர் என்பதால், பழைய நிருபரையே அனுப்புவது அலுவலகத்து வழக்கம். அதே மாதம், அதே மழை, அதே ஈரமண் வாடை. அவர் போய்ப் படம் எடுத்து, தொண்ணூறு சொல்லில் எழுதி, மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிடுகிறார். அடுத்த ஆண்டு வேறொருவரை அனுப்பலாமா என்று அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். சிலர் 'அனுப்புங்கள்' என்பர். சிலர், 'இல்லை, நானே போகிறேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்' என்பர்.